மழை பொது, தொட்டி யாருடையது?

போர்ட் பிளேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கும். அது ஓய்ந்ததும் ஓயாததுமாக வடகிழக்குப் பருவமழை வந்து சேரும். டிசம்பர் வரை குடையை மடக்கி வைக்க வழியில்லை. அந்த ஊரில்தான் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது. மார்ச், ஏப்ரலில் அது மூன்று நாளைக்கு ஒருமுறையாகும். மழை குறைந்த ஆண்டுகளில் இடைவெளி இன்னும் நீளும். துணி துவைப்பதும் வீடு கழுவுவதும் விருந்துக்கு ஆள் கூப்பிடுவதும் ‘தண்ணி வர்ற நாளை’ப் பார்த்துத்தான்.

2024 செப்டம்பரில் நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். தண்ணீர் முறை மாறவில்லை.

ஃபீனிக்ஸ் பே இந்த நகரத்தின் நடுவே, கடலை ஒட்டிய பகுதி. ஹேவ்லாக், நீல், ரங்கத், ஹட் பே என்று தீவுகளுக்குச் செல்லும் அரசுக் கப்பல்கள் புறப்படும் ஜெட்டி இங்கேதான். ஆங்கிலேயரின் தண்டனைக் குடியேற்றக் காலத்தில் கைதிகளை வைத்து நடத்திய பட்டறைகள் இருந்த இடத்தில் இன்று அரசின் கப்பல் பழுதுபார்க்கும் தளம் இருக்கிறது. பக்கத்தில் டீசலில் ஓடும் மின்நிலையம். அவற்றுக்கு மேலே சரிவுகளில் நெருக்கியடித்த வீடுகள். தமிழும் வங்காளமும் தெலுங்கும் இந்தியும் ஒரே சந்தில் கேட்கும். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் தீவுகளின் 3,80,581 பேரில் ஏறத்தாழ 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். தண்ணீர், மின்சாரம், மருத்துவம், போக்குவரத்து என ஒரு மனிதருக்கு அடிப்படையில் வேண்டியவை எல்லாம் அரை மணி நேர நடைக்குள் கண்ணில் படும் இடம் இது. அவை யாருக்கு எளிதில் கிடைக்கின்றன, யாருக்கு அரிதாகின்றன என்பதும் இங்கேயே தெரியும்.

இவ்வளவு மழைக்கு நடுவே தட்டுப்பாடு எப்படி வருகிறது? ஒரு பகுதி மண்ணின் இயல்பு. தென் அந்தமானின் அடியில் இருப்பவை பெரும்பாலும் மணற்கல்லும் களிப்பாறையும் எரிமலைப் பாறைகளும். அவற்றில் நிலத்தடி நீர் அதிகம் தங்காது. மலை செங்குத்து, ஓடை குட்டை. பெய்த மழை சில மணி நேரத்தில் கடலைச் சேர்ந்துவிடுகிறது. ஆறு என்று சொல்லும்படியாக ஓடும் கல்பாங், தொலைவில் வட அந்தமானில் இருக்கிறது. தலைநகரத்தின் தாகம் தீர்ப்பது 1973இல் கட்டி முடிக்கப்பட்ட தனிக்காரி அணை. பின்னாளில் அதன் உயரத்தைக் கூட்டினார்கள். நகரம் அதைவிட வேகமாக வளர்ந்தது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை ஏறக்குறைய இல்லை என்பதால் அந்த நான்கு மாதமும் தேக்கி வைத்ததே கணக்கு.

தேக்கி வைப்பது என்ற இந்தச் சொல்லில்தான் சமத்துவத்தின் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது.

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். 50 சதுர மீட்டர், அதாவது சுமார் 540 சதுர அடி தகரக் கூரை கொண்ட ஒரு சிறிய வீடு. 3000 மில்லிமீட்டர் மழையில் அந்தக் கூரை மீது ஆண்டுக்கு 1,50,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,20,000 லிட்டர் மிஞ்சும்; நாளுக்கு ஏறத்தாழ 329 லிட்டர். ஒன்றிய அரசின் ஜல் ஜீவன் திட்டம் ஊரகங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. நான்கு பேருக்கு 220 லிட்டர். ஆக, தன் கூரைத் தண்ணீரை மட்டும் நம்பியே ஒரு குடும்பம் பிழைக்க முடியும். ஆனால் மழையில்லாத 120 நாளைக்கு 26,400 லிட்டர் சேர்த்து வைத்திருக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டிகள் இருபத்தேழு! சரிவில் இரண்டு சென்ட் இடத்தில், வாடகைக்கு இருக்கும் ஒரு கப்பல் கூலித் தொழிலாளி அவற்றை எங்கே வைப்பார்? யாருடைய பணத்தில் வாங்குவார்?

மழை எந்தக் கூரையையும் பார்த்துப் பெய்வதில்லை. தொட்டி அப்படியில்லை. நிலத்தடியில் சம்ப், மாடியில் தொட்டி, குழாயில் நேராக மாட்டிய மோட்டார் உள்ள வீட்டுக்கு ஒரு மணி நேரத் தண்ணீர் மூன்று நாளைக்குப் போதும். அதே குழாயின் கடைசியில் குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருக்கும் வீட்டுக்கு அதே ஒரு மணி நேரம் போதாது. மேட்டில் இருப்பவர்களுக்கு அழுத்தமும் இருக்காது. விடுதிகள் தண்ணீர் லாரியை வரவழைத்துக்கொள்ளும். ஆக நகராட்சி எல்லாருக்கும் ஒரே அளவு நேரம் திறந்துவிட்டாலும், சேர்ந்த தண்ணீர் ஒரே அளவாக இருப்பதில்லை. இந்திய நகரங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 2019இல் சென்னை வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்போதும் லாரிக்குக் காசு கொடுக்க முடிந்தவர் வீட்டில் குளியல் நின்றுவிடவில்லை. தமிழ்நாடு 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் என்பதையும் இதோடு நினைக்க வேண்டும். சட்டம் கூரையைக் கணக்கில் எடுத்தது. வீட்டுக்காரரின் வசதியைக் கணக்கில் எடுக்கவில்லை.

தண்ணீரை வைத்து ஆட்களைப் பிரிப்பது இந்தத் தீவுகளில் நேற்று தொடங்கியதில்லை. 1858 மார்ச் 10 அன்று பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் இருநூறு கைதிகளோடு சாத்தம் தீவில் இறங்கினார். அங்கே நல்ல தண்ணீர் போதவில்லை. விரைவிலேயே இருப்பிடத்தை ராஸ் தீவுக்கு மாற்றினார்கள். அதிகாரிகளின் தலைமையகமான ராஸில் பின்னர் மாளிகை, தேவாலயம், ரொட்டிச் சாலை, நீச்சல் குளம் எல்லாம் வந்தன. கடல்நீரைக் காய்ச்சி வடித்து நல்ல தண்ணீராக்கும் ஆலையும் வந்தது. அதன் கொதிகலன் சிதைவுகளை இன்றும் சுற்றுலாப் பயணிகள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வாய்க்கால் போன்ற சிறு கடலுக்கு இந்தப் பக்கம், 1906இல் கட்டி முடித்த செல்லுலர் சிறையில் கைதிகள் குளிப்பதற்குக் கிடைத்தது உப்புத் தண்ணீர்.

அந்தச் சிறையில் 1933 மே மாதம் அரசியல் கைதிகள் தொடங்கிய உண்ணாவிரதத்தைப் பாடப்புத்தகங்கள் வீரக் கதையாகச் சொல்கின்றன. அவர்கள் கேட்டவற்றைப் பார்த்தால் வேறொன்று புலப்படும். தின்னத்தக்க சோறு, அறையில் விளக்கு, குளிக்கச் சோப்பு, படிக்கப் புத்தகமும் பத்திரிகையும். நாட்டு விடுதலைக்காகச் சிறைக்கு வந்தவர்கள் உயிரைப் பணயம் வைத்தது அடிப்படைத் தேவைகளுக்காக. வலுக்கட்டாயமாகப் பால் புகட்டியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா மூவரும் இறந்தார்கள். 46 நாள் கழித்துக் கோரிக்கைகளில் பெரும்பாலானவை ஏற்கப்பட்டன. ஒரு மனிதர் குற்றவாளியா தியாகியா என்ற வழக்கு முடிவதற்கு முன்பே அவருக்குச் சோறும் வெளிச்சமும் உண்டு என்ற நியாயத்தை இந்தத் தீவு மூன்று உயிரைக் கொடுத்து நிலைநாட்டியது. இதற்கு நேர் எதிரானதும் இங்கேயே நடந்தது. ஜப்பானியர் வசம் தீவுகள் இருந்த கடைசி நாட்களில், 1945 ஆகஸ்டில், உணவு தீர்ந்துகொண்டிருந்தபோது, உழைப்புக்கு ஆகாதவர்கள் என்று கருதிய நூற்றுக்கணக்கானவர்களைப் படகில் ஏற்றி ஹேவ்லாக் அருகே கடலில் தள்ளினார்கள். பற்றாக்குறை வரும்போது ‘யார் வேண்டும், யார் வேண்டாம்’ என்று பட்டியல் போடும் ஆட்சி எதுவரை போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

இன்றைய சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது? தூய தண்ணீரும் காற்றும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சுபாஷ் குமார் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சமூகத்தின் பொருள் வளங்கள் பொது நன்மைக்கு ஏற்பப் பங்கிடப்பட வேண்டும் என்பது 39ஆம் பிரிவு அரசுக்குத் தரும் வழிகாட்டுதல். ஆறும் கடற்கரையும் காடும் அரசின் சொத்தாக அல்லாமல் மக்களுக்காக அரசு பொறுப்பேற்று வைத்திருப்பவை என்ற கோட்பாட்டைக் கமல்நாத் வழக்கில் அதே நீதிமன்றம் ஏற்றது. 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை தண்ணீரையும் கழிவறை வசதியையும் மனித உரிமையாக அறிவித்தது. தாளில் குறையில்லை.

குறை, உரிமைக்கும் குழாய்க்கும் நடுவே கிடக்கும் காகிதங்களில் இருக்கிறது. குடிநீர் இணைப்புக்கு விண்ணப்பிக்கும் எவரிடமும் நம் நகரங்கள் முதலில் கேட்பது வீட்டின் உரிமைச் சான்று. அந்தமானில் அந்தக் கேள்வி பலருடைய தொண்டையில் முள்ளாக நிற்கும். ஏனென்றால் இங்கே ஆதிகுடிகள் தவிர எல்லாருமே ஏதோ ஒரு காலத்தில் எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டவர்கள், அல்லது பிழைக்க வந்தவர்கள். விடுதலைக்குப் பிறகு கிழக்கு வங்க அகதிகளுக்கு அரசே நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களில் சிலர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள். சோட்டா நாக்பூரிலிருந்து காடு வெட்டவும் சாலை போடவும் கொண்டுவரப்பட்ட ஓராவ், முண்டா, காரியா மக்களை இங்கே ‘ராஞ்சி’க்காரர்கள் என்பார்கள். சொந்த ஊரில் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் அவர்களுக்கு இங்கே அந்தத் தகுதி கிடையாது. நிலமும் பெரும்பாலானோருக்குத் தரப்படவில்லை. இவர்களுக்கெல்லாம் பிறகு தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள் கிடைத்த சரிவில் குடிசை போட்டார்கள். 1978ஐ எல்லைக்கோடாக வைத்து, அதற்கு முன்பு குடியேறியவர்களை முறைப்படுத்தவும் பின்பு வந்தவர்களை ஆக்கிரமிப்பாளராகக் கொள்ளவும் நிர்வாகம் முடிவெடுத்தது. 1979இல் வந்தவர் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார். அவர் வீட்டுக் குழந்தைக்கும் தண்ணீர்த் தேவை 1977இல் வந்தவர் வீட்டுக் குழந்தையின் தேவைதான்.

இதற்கு வழிகாட்டும் தீர்ப்பு ஒன்று உண்டு. மும்பையில் சட்டவிரோதமானவை என்று ஒதுக்கப்பட்ட குடிசைகளுக்குத் தண்ணீர் கேட்டு பானி ஹக் சமிதி என்ற அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2014 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: குடிசை சட்டவிரோதமாக இருக்கலாம், அதில் இருப்பவருக்கு உயிர்வாழும் உரிமை இல்லாமல் போகாது, ஏதாவது ஒரு வகையில் அவருக்குத் தண்ணீர் தந்தாக வேண்டும். தண்ணீர் தருவதால் நிலத்துக்கு உரிமை வந்துவிடாது என்றும் நீதிமன்றம் விளக்கியது. 2022இல் மும்பை மாநகராட்சி ‘எல்லாருக்கும் தண்ணீர்’ என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. நில வழக்கும் தண்ணீர்க் குடமும் வேறு வேறு என்று பிரித்துப் பார்ப்பதற்கு அரசுகள் எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கின்றன!

அதே அந்தமானில் அரசு சமத்துவத்தைச் செலவு பார்க்காமல் ஏற்றுக்கொண்ட துறைகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஃபீனிக்ஸ் பே மின்நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். தீவுகளுக்குப் பெருநிலத்து மின்கட்டமைப்போடு தொடர்பில்லை. டீசல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடலைக் கடந்து வருகிறது. ஒரு யூனிட் தயாரிக்க ஆகும் செலவு, மக்கள் கட்டும் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. மிச்சத்தை ஒன்றிய அரசு ஏற்கிறது. நெய்வேலி நிறுவனம் தென் அந்தமானில் அமைத்த 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் அந்த டீசலில் ஒரு பங்கைக் குறைத்திருக்கிறது. தீவுவாசி அட்டை உள்ளவருக்கு ஜெட்டியில் கப்பல் சீட்டு விலை குறைவு. 2020 ஆகஸ்ட் 10 அன்று 1,224 கோடி ரூபாய்ச் செலவில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி இணையக் கம்பி தீவுகளுக்கு வந்து சேர்ந்தது. அதுவரை ஒரு தேர்வு விண்ணப்பம் அனுப்பக்கூட இரவில் விழித்திருந்த மாணவர்கள் உண்டு. ஊரக வீடுகள் அனைத்துக்கும் குழாய் இணைப்பு கொடுத்து முடித்ததாக 2021இலேயே அறிவித்த ஒன்றியப் பகுதிகளில் அந்தமானும் ஒன்று. தொலைவில் இருப்பதால் ஒருவர் கூடுதல் விலை கொடுக்கக் கூடாது என்ற கொள்கை இவற்றின் அடியில் இருக்கிறது. இதை மானியம் என்று சொல்லிச் சொல்லிச் சலுகையாக்கிவிட்டோம். குடிமக்களுக்குள் கணக்கை நேர்செய்வது அரசின் கடமை.

ஆனால் ஜெட்டியில் ஒரு காலை நேரம் நின்றால் அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை என்பது தெரியும். தீவுகளிலிருந்து வரும் கப்பல்களில் நோயாளிகள் இறங்குகிறார்கள். அறுவைச் சிகிச்சை என்றாலும் பிரசவச் சிக்கல் என்றாலும் பெரும்பாலும் போர்ட் பிளேரின் கோவிந்த் வல்லப பந்த் மருத்துவமனைக்கே வந்தாக வேண்டும். அவசரத்துக்கு ஹெலிகாப்டர் உண்டு; வானிலை கெட்டால் அதுவும் இல்லை, கப்பலும் இல்லை. சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதி இது. நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு உறுப்பினர். குறையை எடுத்துச் சொல்லும் இடமும் ஓர் அடிப்படைத் தேவைதான்.

இதுவரை பேசியது பங்கு கேட்பவர்களைப் பற்றி. இந்தத் தீவுகளில் சம உரிமை என்பதற்கு இன்னொரு முகம் இருக்கிறது; அது இன்னும் கடினமானது.

1999இல் ஒரு வழக்கறிஞர் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அப்போதுதான் அந்தமானின் ஆதிகுடிகளான ஜாரவா மக்கள் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு உணவும் உடையும் மருந்தும் வீடும் கொடுத்து மற்றக் குடிமக்களைப் போல ஆக்க வேண்டும் என்பது கோரிக்கை. மேலோட்டமாகப் பார்த்தால் சமத்துவத்தின் குரல். நிபுணர் குழு அவர்கள் வாழ்வைப் போய்ப் பார்த்தது. பன்றியும் மீனும் தேனும் கிழங்கும் அவர்கள் காட்டில் இருந்தன. பசியென்று யாரிடமும் கையேந்தும் நிலையில் அவர்கள் இல்லை. அவர்களுக்கு ஆபத்தாக வந்தது வெளியாரும் வெளியாரின் நோயும். அதே 1999இல் தட்டம்மை அவர்களைத் தாக்கியது. 2004 டிசம்பரில் வந்த ஜாரவா கொள்கை, தலையீட்டைக் குறைத்து அவர்கள் வாழ்வை அவர்களே முடிவு செய்யவிடும் வழியைத் தேர்ந்தது. அவர்களுக்கான காப்பகம் 1,028 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது.

நகரத்துக் குடும்பத்துக்குச் சம உரிமை என்றால் ஒரு குழாய் கூடுதலாகத் தேவை. ஜாரவாவுக்குச் சம உரிமை என்றால் ஒரு சாலை குறைவாகத் தேவை. 2002 மே 7 அன்று, சேகர் சிங் ஆணைய அறிக்கையின் பேரில், ஜாரவாக்களின் காட்டினூடே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையின் காட்டுப் பகுதிகளை மூடும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. 2012இல் ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் காணொளி உலகமெங்கும் பரவியது. உணவுக்கு ஆட்டம் என்ற அந்தக் காட்சியில், தன் காட்டில் யாருக்கும் கடன்படாமல் இருந்த ஒரு மக்களை நாம் எங்கே கொண்டு நிறுத்தினோம் என்பது தெரிந்தது.

வளத்தைக் கொடுக்கிறோம் என்ற பெயரில் எடுத்துக்கொண்டதன் விளைவு முன்பே தெரிந்ததுதான். குடியேற்றம் தொடங்கிய 1858இல் ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர், தட்டம்மையும் பிற நோய்களும் பரவிய பின் 1961 கணக்கெடுப்பில் 19 பேர். லிட்டில் அந்தமானில் ஓங்கே மக்களின் காட்டில் ஒரு பகுதி குடியேற்றத்துக்கும் செம்பனைத் தோட்டத்துக்கும் வெட்டப்பட்டது. அவர்கள் இன்று நூற்றுச் சொச்சம். போர்ட் பிளேரின் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்குத் தீர்வாக ரட்லாந்து தீவின் ஓடைகளைக் கடலடிக் குழாயில் கொண்டுவரும் திட்டம் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்தது. அந்த ரட்லாந்து ஜாங்கில் என்ற இனத்தின் வீடாக இருந்தது. அவர்களைக் கண்டதாக உள்ள கடைசிப் பதிவு 1907. 1920களில் தேடிப் போனவர்களுக்கு வெறும் காடுதான் கிடைத்தது. யாருக்கும் சொந்தமில்லாத தண்ணீர் என்று இன்று சொல்வது எளிதாக இருக்கிறதென்றால், அதற்குக் காரணம் சொந்தக்காரர்கள் ஒருவர்கூட மிஞ்சவில்லை என்பதே.

கிரேட் நிகோபாரில் இன்று நடப்பதை இந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரம் எல்லாம் சேர்ந்து சுமார் 166 சதுர கிலோமீட்டரில் திட்டமிடப்பட்டிருக்கின்றன. அதில் 130 சதுர கிலோமீட்டர் காடு. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 2011இல் 8,067 பேர் இருந்த தீவில் மூன்றரை லட்சம் பேரைக் குடியமர்த்தும் கணக்கு இது. லட்சம் பேர் கொண்ட போர்ட் பிளேருக்கே கோடையில் தினமும் தண்ணீர் தர முடியாத நிர்வாகத்தின் கீழ் இது நடக்கிறது. 2004 ஆழிப்பேரலையில் அந்தத் தீவின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. கடற்கரை ஊர்களை இழந்த நிகோபாரிகள் ராஜீவ் நகரிலும் நியூ சிங்கேனிலும் தங்கவைக்கப்பட்டார்கள். சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். திட்டத்துக்கு 2022 ஆகஸ்டில் தடையின்மைச் சான்று தந்த அவர்களுடைய பழங்குடி மன்றம், தங்கள் மூதாதையர் நிலமும் அதில் அடங்கும் என்று தெரிந்த பின் அதே நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. காட்டுக்குள் வாழும் ஷோம்பென் மக்கள் 2011 கணக்குப்படி 229 பேர். அவர்களிடம் சம்மதம் கேட்கும் வழிகூட யாருக்கும் தெரியாது. துறைமுகம் நாட்டுக்கு வேண்டும் என்பவர்களின் வாதத்தில் பாதுகாப்பும் வணிகமும் இருக்கின்றன. அவை தள்ளத்தக்கவை அல்ல. ஆனால் அடிப்படை வளத்தை இழக்கப்போகிறவர் ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்த பிறகும் திட்டம் நகருமானால், அங்கே பொது நன்மை என்ற சொல்லுக்குள் அவர் இல்லை.

மாற்று இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் ஆண்டு மழை சுமார் 2400 மில்லிமீட்டர், போர்ட் பிளேரைவிடக் குறைவு. நிலத்தடி நீர் அங்கேயும் இல்லை. மக்கள் ஐம்பது மடங்குக்கும் மேல். ஜோகூரிலிருந்து தண்ணீர் வாங்குவது உண்மைதான். ஆயினும் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தை மழைநீர் பிடிக்கும் பரப்பாக மாற்றி, 2003 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து, 2008இல் நகர நடுவே கடல்வாயை அடைத்து நன்னீர் ஏரி ஆக்கினார்கள். அங்கே தேக்கும் வேலை ஒவ்வொரு வீட்டின் வசதிக்கும் விடப்படவில்லை, அரசு செய்தது. போர்ட் பிளேருக்குத் தேவையானது இதுதான். ஃபீனிக்ஸ் பே சரிவுகளில், பள்ளிக்கூடங்களின் அடியில், அரசுக் கட்டடங்களின் கூரை விளிம்பில், சந்துக்குப் பொதுவான தொட்டிகள். வெள்ளைக்காரன் காலத்து தில்தாமன் குளம் போன்ற பழைய நீர்நிலைகளைத் தூர்வாரிக் காப்பது. விடுதிகள் தங்கள் தண்ணீரைத் தங்கள் கூரையிலிருந்தும் மறுசுழற்சியிலிருந்தும் எடுக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு. காட்டைத் தொடாமலே, ரட்லாந்துக்குப் போகாமலே, இவற்றில் பெரும்பகுதியைச் செய்யலாம்.

கிரேட் நிகோபார் பழங்குடி மன்றத்தின் கடிதத்துக்கு ஒன்றிய அரசு பதில் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலை குறித்த 2002 உத்தரவை நிர்வாகம் நிறைவேற்ற வேண்டும். இவற்றுக்குக் காலம் பிடிக்கும், வழக்குகள் நடக்கும். ஒரு வேலைக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு தேவையில்லை. பட்டா இருக்கிறதா, எந்த ஆண்டு வந்தீர்கள் என்று கேட்காமல், குடியிருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் இணைப்பு தருவது. மும்பை 2022இல் எடுத்த முடிவை ஸ்ரீ விஜயபுரம் நகராட்சி மன்றம் அடுத்த கோடைக்கு முன்பு எடுக்கட்டும்.